வரிசையில் ஆறாவது

கிரிம்ஸ்பி
9 நவம்பர் 1943

டொரீன்,

நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, காலை வாந்தி கூட நின்றுவிட்டது. கோபம்தான். அதனால் நலம் விசாரிப்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

இன்று மீன் கடை வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் ஸ்கெல்டன் அம்மாள். அவள் தங்கை மகன் உங்கள் விமானத் தளத்தில் மெக்கானிக்காம். திரும்பி நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறாள்: "ஈனிட்டுக்கு என்னம்மா கவலை? வீட்டுக்காரரு குண்டு போடுற பாம்பர் பிளேன் ஓட்டுறாரு. கொழுந்தியா டவர்ல மைக்கப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா. மத்த பயலுவ எல்லாம் வானத்துல சுத்திக்கிட்டே கெடக்கணும். இவரு மட்டும் மொத ஆளா எறங்கி, மொத முட்டைய தின்னுட்டுப் போய்த் தூங்கிடுவாரு!"

வரிசையே சிரித்தது. நமக்கெல்லாம் முட்டையைக் கண்ணில் பார்த்தே எத்தனை நாளாயிற்று. குண்டு போட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு முட்டை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் புருஷன் அதை முந்திக்கொண்டு போய்த் தின்றான் என்று ஒருத்தி சொல்ல நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா?

அம்மாவை நினைத்துப் பார். போன போரின் போது ரொட்டி வரிசையில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். எழுந்து, முன்பு நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். எனக்குப் பச்சை ரேஷன் புத்தகம் வந்துவிட்டது. கர்ப்பிணி என்பதால் எந்த வரிசையிலும் முன்னால் போகலாமாம். போவேனா நான்? பையிலிருந்து அதை வெளியே எடுத்ததே இல்லை.

சிரிலை நம் வீட்டுக்குத் தேநீர் குடிக்க அழைத்து வந்தவள் நீ. எனக்கு அவரைக் கட்டிவைத்தவளும் நீ என்றே சொல்லலாம். அதற்காக நீ அவருக்குச் சலுகை காட்டக் கூடாது. மற்றவர்களைப் போல அவரும் வரிசையில் நிற்கட்டும். இரண்டு கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். நம் வீட்டில் யாரும் வரிசையில் முந்தினதில்லை. இந்தக் கடிதத்தை அவரிடமே காட்டு. எனக்குச் சத்தியம் செய்து எழுதினால்தான் கிறிஸ்துமஸுக்கு உனக்குக் கையுறை பின்னுவேன்.

நலமா?

ஈனிட்


விமானத் தளம், லிங்கன்ஷயர்
14 நவம்பர் 1943

அன்புள்ள கோபக்கார அக்காவுக்கு,

முதலில் ஒன்று. இதில் என் வேலையைப் பற்றி எழுதப் போகிறேன். எழுதக் கூடாது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

மைக்கில் நான் உன் தங்கையும் இல்லை, அத்தானுக்குக் கொழுந்தியாளும் இல்லை. அவர் விமானத்தைக் கூப்பிடும் பெயர் கே-கிங், எனக்கு அவர் அவ்வளவுதான். திரும்பி வருகிற ஒவ்வொரு விமானமும் என்னைக் கூப்பிடும். கூப்பிட்ட வரிசைப்படி ஒரு எண்ணும், சுற்ற வேண்டிய உயரமும் சொல்வேன். கீழே ஒன்று இறங்க இறங்க மேலே இருப்பவை படிப்படியாக இறங்கி வரும். இறங்கலாம் என்று சொல்ல எங்கள் சொல் என்ன தெரியுமா? "பான்கேக்." சிரிக்காதே. நடு ராத்திரியில் நாலு இன்ஜின் லங்காஸ்டர் விமானத்தைப் பார்த்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, பலகாரத்தின் பெயரைச் சொல்கிறேன்.

அடிபட்ட விமானமோ, காயம்பட்ட ஆளோ, எரியெண்ணெய்க் குறைவோ இருந்தால் மட்டும் முன்னால் வரலாம். பைலட் வாயைத் திறந்து சொன்னால் போதும். அக்டோபரில் அத்தான் முதலில் இறங்கினார், உண்மைதான். அன்று அவருக்கு ஒரு இன்ஜின் நின்று போயிருந்தது. ஸ்கெல்டன் அம்மாளின் தங்கை மகனே அதைக் கழற்றிப் பார்த்திருப்பான். அதைச் சொல்ல மாட்டான்.

ஆனால் இங்கேயும் கிண்டல் இருக்கிறது, மறைப்பானேன். சாப்பாட்டுக்கூடக் கரும்பலகையில் யாரோ "முட்டை: கொழுந்தியாள் தயவு" என்று எழுதிவைத்தார்கள். அத்தான் அதைப் பார்த்துச் சிரித்தார். காது மட்டும் சிவந்துபோயிற்று.

உன் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "ஒங்கக்கா கோடு போட்ட வேகத்துல பேப்பரே கிழிஞ்சிருக்கு பாரு. ஜெர்மன்காரன் பரவால்ல போல இருக்கே" என்றார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி எனக்கு ஒரு சல்யூட். கடிதத்தைத் திருப்பித் தரவில்லை.

சத்தியம், அக்கா. இனி எல்லோருக்கும் எப்படியோ அவருக்கும் அப்படியே. கையுறை நீல நிறத்தில் வேண்டும்.

டொரீன்


கிரிம்ஸ்பி
27 நவம்பர் 1943

டொரீன்,

நல்ல பெண். நீலம் கிடைக்கவில்லை, பழுப்புதான். பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னுகிறேன்.

சிரில் இரண்டு நாள் வந்துவிட்டுப் போனார். நான் வீட்டு முற்றத்தில் மீன்வலை பின்னிக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்று, "அம்மணி, நா வரிசையில எத்தனாவது?" என்று கேட்கிறார். குழந்தை ஆணாக இருந்தால் என்ன பெயர் என்று சண்டை போட்டோம். முடிவாகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவர் ஏழாவதாக இறங்கினாராமே. ஸ்கெல்டன் அம்மாளுக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் அவள் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

ஈனிட்


விமானத் தளம்
19 டிசம்பர் 1943

அக்கா,

தந்தி உனக்கு முன்பே வந்திருக்கும். நான் என்ன எழுத?

விமானம் பீட் கிழங்கு வயலில் விழுந்தது, ஓடுபாதைக்கு ஒரு மைல் தூரத்தில். திரும்பி வந்துவிட்டார்கள் அக்கா. வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஏழு பேரில் வால் பக்கத்துத் துப்பாக்கிக்காரர் டல்லி மட்டும் உயிரோடு இருக்கிறார். வால் தனியாக உடைந்து விழுந்ததால் பிழைத்தார். அத்தானுக்கு வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். நான் அதை நம்பத்தான் வேண்டும்.

எண்ணெய் தீர்ந்துபோயிற்று என்கிறார்கள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

அடக்கத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். நீ தனியாக இருக்காதே. பக்கத்து வீட்டு ஆடா அக்காவை வந்து படுக்கச் சொல்.

டொரீன்


கிரிம்ஸ்பி
2 ஜனவரி 1944

டொரீன்,

அடக்கத்தன்று நீ கல்லறை வாசலிலேயே நின்றாய். வீட்டுக்கு வரவில்லை, ஒரு கோப்பை தேநீர் கூடக் குடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஆடாவிடம் சொல்லிவிட்டுப் போனாய். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. துக்கம் தாங்காமல் அப்படிச் செய்கிறாய் என்று நினைத்தேன்.

நேற்று லிங்கன் ஆஸ்பத்திரிக்குப் போய் டல்லியைப் பார்த்தேன். இரண்டு காலிலும் கட்டு. பாவம், என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். கேட்டேன், சொன்னார். வரும் வழியில் எண்ணெய்த் தொட்டியில் அடி. தளத்துக்கு மேல் வந்தபோது இருபது நிமிடத்துக்குத்தான் இருக்கிறது என்று இன்ஜினியர் சொன்னாராம். "ஆறாவது ஆளுன்னா பன்னண்டு நிமிஷம், அதுக்குள்ள எறங்கிடலாம்னு ஸ்கிப்பர், ஒங்க வீட்டுக்காரருதான், சொன்னாரு. அப்பறம் கீழ ஏதோ தகராறு, நேரம் ஆயிக்கிட்டே போச்சு. அவசரம் உண்டான்னு டவர்ல கேட்டாங்க. இல்லன்னுட்டாரு. எனக்கு உத்தரவு இருக்குன்னு சொல்லி சிரிச்சாரு. என்ன உத்தரவுன்னு எங்க யாருக்கும் புரியல."

டவரில் கேட்டது யார் என்றேன். பெண் குரல் என்றார். எப்போதும் கேட்கிற குரல்தான், அந்தக் குரல் கேட்டாலே வீடு வந்த மாதிரி இருக்கும் என்றார்.

அது உன் குரலா? அவருக்கு ஆறாவது எண் கொடுத்தது நீயா? என்ன உத்தரவு அது, யார் கொடுத்தது? மழுப்பாமல் எழுது.

ஈனிட்


விமானத் தளம்
7 ஜனவரி 1944

அக்கா,

ஆமாம். நான்தான்.

அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். பயமாக இருந்தது. உனக்குத் தெரிந்துவிட்டால் எனக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று பயந்தேன். கல்லறையில் உன் வயிற்றைப் பார்த்தேன். அதற்குப் பிறகு உன் வீட்டுக்குள் எப்படி வருவேன்?

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. எட்டு விமானம் மேலே. அத்தான் ஆறாவதாகக் கூப்பிட்டார். "கே-கிங், எண் ஆறு, மூவாயிரம் அடி" என்றேன். அவர் அதையே திருப்பிச் சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இரண்டு இறங்கின. மூன்றாவது இறங்கும்போது டயர் வெடித்து, ஓடுபாதைக்குக் குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. டிராக்டர் வைத்து இழுக்க எட்டு நிமிடம் ஆயிற்று.

அவசரம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று எல்லோரையும் பொதுவாகக் கேட்டேன். எட்டாவதாக இருந்தவர், காயம்பட்ட ஆள் இருக்கிறார் என்றார். அவரை முன்னால் எடுத்தேன். பிறகு மற்றவர்களை ஒவ்வொரு விமானமாகக் கூப்பிட்டுக் கேட்டேன், அத்தானையும். "கே-கிங், அவசரம் உண்டா?" உடனே பதில் வரவில்லை. நாலைந்து நொடி இருக்கும். அப்புறம்தான், "இல்லை, வரிசையில் நிற்கிறேன், எனக்கு உத்தரவு இருக்கு" என்றார். சிரித்தார்.

அந்த நாலைந்து நொடிதான் அக்கா. அது எனக்குக் கேட்டது. வேறு எந்தப் பைலட்டாக இருந்தாலும் இன்னொரு முறை கேட்டிருப்பேன். அறையில் எனக்குப் பின்னால் நாலு பேர் இருந்தார்கள். இவரை மட்டும் இரண்டு முறை கேட்டால் நாலு பேரும் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அதனால் கேட்கவில்லை. அதிகாரி கேட்கச் சொல்லவில்லை, விதியிலும் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். நான் கேட்டிருக்க வேண்டும்.

அவர் முறை வந்தது. "கே-கிங், பான்கேக்" என்றேன். "நன்றி" என்றார். மைக்கில் யாரும் நன்றி சொல்வதில்லை. மூடுபனிக்குள் இன்ஜின் சத்தம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. மேலே இன்னும் ஒரு விமானம் காத்திருந்தது. அதைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டேன். என் குரல் நடுங்கவில்லை என்று அதிகாரி பிறகு பாராட்டினார். அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

என்ன உத்தரவு என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. பைலட்டுகளுக்கு மேலிடத்திலிருந்து ஆயிரம் உத்தரவு வரும்.

என்னைத் திட்டு. எழுதாமல் மட்டும் இருக்காதே.

டொரீன்


கிரிம்ஸ்பி
12 ஜனவரி 1944

டொரீன்,

நாலு பேர் பார்ப்பார்கள் என்பதற்காக நீ வாயை மூடிக்கொண்டாய். அந்த நாலு பேரில் யாராவது இனி என் பக்கத்தில் வந்து படுப்பார்களா? என் குழந்தைக்கு அப்பா என்று ஒருவரைக் காட்டுவார்களா?

உன்னை வளர்த்தவள் நான். அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது. உன் தலைக்குப் பேன் பார்த்திருக்கிறேன். நீ இப்படி ஒரு கோழையாக வருவாய் என்று தெரிந்திருந்தால் அவரை நம் வாசற்படி ஏற விட்டிருக்க மாட்டேன்.

இங்கே வராதே. குழந்தை பிறந்தால் சொல்லி அனுப்ப மாட்டேன். அதற்குச் சித்தி கிடையாது. கையுறையை ஆடாவின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஈனிட்


விமானத் தளம்
22 பிப்ரவரி 1944

அக்கா,

பதில் வராது என்று தெரியும். ஆறு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதை அனுப்பிவிடுகிறேன், பிரிக்காமல் போட்டாலும் சரி.

மைக்கை விட்டு மாற்றச் சொல்லிக் கேட்டேன். வேலை தெரிந்த பெண் இல்லை என்று மாற்றவில்லை. அதனால் இப்போது எல்லோரையும் இரண்டு முறை கேட்கிறேன். "அவசரம் உண்டா? நிஜமாகவே இல்லையா?" பைலட்டுகள் எனக்கு அத்தை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "அத்த, பசி மட்டுந்தான் அவசரம், முட்டைய ஆற விடாம பாத்துக்குங்க" என்று போன வாரம் ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நேற்று ஒருவன் இரண்டாவது முறை கேட்டபோதுதான், எண்ணெய் குறைவு என்று சொன்னான். முதல் முறை இல்லை என்றவன். அவனை இறக்கிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன். இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறதே.

இன்று பான்கேக் செவ்வாய், நாளை தவக்கால நோன்பு தொடங்குகிறது. முட்டைப் பொடியைக் கரைத்துப் பான்கேக் ஊற்றி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். என்னால் தட்டைத் தொட முடியவில்லை. அத்தானிடம் நான் கடைசியாகச் சொன்ன சொல் அது.

அவருடைய சாமான்களைக் கணக்கெடுத்து உனக்கு அனுப்பப் போகிறார்கள். சட்டைகளும் சின்னச் சின்னப் பொருள்களும்தான். நீ பார்த்து மனம் நோக வேண்டாம், ஆடா அக்காவைப் பிரிக்கச் சொல். தயவு செய்து அவளையே பிரிக்கச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டொரீன்


கிரிம்ஸ்பி
11 மார்ச் 1944

டொரீன்,

பெட்டி நேற்று வந்தது. நீ ஆடாவைப் பிரிக்கச் சொன்னாய். நீ சொன்னதற்காகவே நான் பிரித்தேன்.

சட்டை இரண்டு, சவரக்கத்தி, வாய் ஆர்கன், என் போட்டோ, நான் பின்னிக் கொடுத்து அவர் ஒரு தடவையும் போடாத காலுறை. விடுமுறைக்குப் போட்டுவரும் கோட்டின் உள்பையில் நாலாக மடித்து ஒரு காகிதம். காதல் கடிதமாக இருக்கும் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். விரித்தால் என் கையெழுத்து. "வரிசையில் நிற்கட்டும்." கீழே இரண்டு கோடு, இரண்டாவது கோட்டில் காகிதம் கிழிந்திருக்கிறது. பின்பக்கத்தில் அவர் பென்சிலால் எழுதியிருக்கிறார். "அம்மணியின் உத்தரவு. மீறினால் சோறு கிடையாது."

எனக்கு உத்தரவு இருக்கு என்று சொல்லிச் சிரித்தார்.

டல்லிக்குத் தெரியாது. உன் அதிகாரிக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அவர் சொன்ன அந்த நிமிடமே உனக்குத் தெரியும். நான் உன்னிடம் நேராகக் கேட்டேன், நீ தெரியாது என்று எழுதினாய். நான் உன்னைக் கோழை என்றேன், குழந்தைக்குச் சித்தி இல்லை என்றேன். உன் கையில் ஒரே ஒரு பதில் இருந்தது, "அக்கா, நீ என்ன எழுதினாய் என்று நினைத்துப் பார்" என்று. அதை எழுதாமல் ஆறு வாரம் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

எனக்கு மறந்துபோயிருந்தது என்று சொன்னால் நம்புவாயா? மறக்கவில்லை. அந்தப் பக்கம் மனதைப் போக விடவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டிருக்கும் வரை அங்கே போக வேண்டியிருக்கவில்லை.

நம் வீட்டில் யாரும் வரிசையில் முந்தினதில்லை என்று எழுதினேன் அல்லவா. நீ முந்திவிட்டாய், டொரீன். இந்தப் பழிக்கு எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டாய். அது என் இடம். தள்ளிப் போ.

உன் மேல் கோபமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில காலைகளில் இருக்கிறது. நீ இன்னொரு முறை கேட்டிருக்கலாம். அவர் சொல்லியிருக்கலாம். நான் ஸ்கெல்டன் அம்மாளைப் பார்த்து, போடி என்று சொல்லிவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். மூன்று பேரும் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டோம்.

இன்று மீன் கடைக்குப் போனேன். வரிசை மூலையைத் தாண்டி நின்றது. இடுப்பு வலி. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பையிலிருந்து பச்சைப் புத்தகத்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "எனக்கு முடியல, கொஞ்சம் முன்னாடி விடுறீங்களா?" என்றேன். எல்லோரும் விலகினார்கள். ஸ்கெல்டன் அம்மாள் கூட, "போம்மா போ, புள்ளத்தாச்சி எதுக்கு நிக்குற, மொதல்லயே கேக்கக் கூடாதா?" என்று என் கூடையை வாங்கிக்கொண்டாள். என்னைக் குத்த வேண்டுமென்று அவள் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மீனை மடியில் வைத்துக்கொண்டே அழுதேன்.

கேட்டால் போதுமாக இருந்தது, டொரீன். அவ்வளவுதான். வாயைத் திறந்து கேட்டால் போதுமாக இருந்தது.

குழந்தை பிறக்கிற மே மாதம் நெருங்குகிறது. எனக்கு ஆள் வேண்டும், நீ வேண்டும். லீவு கேள். இல்லை என்றால் இன்னொரு முறை கேள். சனிக்கிழமை பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், முண்டியடித்து ஏறு.

ஈனிட்